மார்கழி விருந்தாளிகள்

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில், மார்கழி மாதத்து அந்தி வேளையில், வயலோரத்து வீட்டுத் திண்ணையில் விளக்கைப் போட்டுவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் போதும். அழையாத விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். அவர்கள் எல்லாருக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: விட்டில். பொழுது விடிந்ததும் துடைப்பத்தால் வாரித் தள்ளுவதோடு நம் உபசாரமும் முடிந்து விடுகிறது.

இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் இந்த இனத்தில் மிகச் சிலவே வெளியே தலை காட்டும். நம் நாட்டிலோ, ஐப்பசி கார்த்திகை மழையில் தழைத்த பயிரைத் தின்று வளர்ந்த புழுக்கள், மார்கழிக் குளிரில்தான் சிறகு முளைத்துப் புறப்படுகின்றன.

அவற்றை இனம் பிரிப்பது கடினமன்று. முதலில் தலையிலுள்ள உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். வண்ணத்துப் பூச்சிக்கு அது நுனியில் தடித்திருக்கும். விட்டிலுக்கு நூலைப் போலவோ இறகைப் போலவோ இருக்கும். அடுத்தது சிறகின் நிறமும் புள்ளியும். வைக்கோல் நிறச் சிறகில் பக்கத்துக்கு ஒரு கரும்புள்ளி இருந்தால், அது குருத்துப் பூச்சியின் பெண். நெல் இலையின் நுனியில் முட்டையிட்டு ரோமத்தால் மூடிவிடும். அதன் புழு தண்டைக் குடைந்தால் இளம் பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் விடும் பருவமானால் மணியில்லாத வெண்கதிர்தான் மிஞ்சும். கனத்த உடலும் கூரிய சிறகும் நீண்ட குழல் நாக்கும் கொண்டு, பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் பருகும் பெரிய விட்டில்களோ பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் சுமப்பவை. ஒன்று பகை, மற்றொன்று நட்பு. இரண்டுக்கும் நம் வீட்டில் ஒரே துடைப்பம்!

நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்ற ஆங்கிலேயர், 1891-ல் அம்மலையின் விட்டில்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறகு 1892 முதல் 1896 வரை நான்கு பாகங்களில் இந்திய விட்டில்களை வகைப்படுத்தினார். கடல் கடந்து வந்தவர் கண்ணில் பட்டது, விளக்கடியிலேயே இருக்கும் நம் கண்ணில் படவில்லை என்றால் யாரை நோவது?

நம் குடியானவர் குருத்துப் பூச்சிக்குப் பெயர் வைத்திருக்கிறார். அதை விளக்குப் பொறியில் பிடிக்கவும், நாற்றின் நுனியைக் கிள்ளி முட்டையை அழித்து நடவும் அறிவார். பெயர் தெரிந்ததனால் அல்லவா பரிகாரமும் தெரிந்தது? இன்றிரவு விளக்கடியில் குழந்தைகளோடு உட்கார்ந்து, வந்தவற்றின் நிறத்தையும் புள்ளியையும் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்போம். துடைப்பம் காலை வரையில் காத்திருக்கட்டும்.