வளையத்தில் உள்ள கணக்கு

பழைய காமிராவை எடுத்துப் பாருங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதில் 1 மீட்டர், 2 மீட்டர், 5 மீட்டர், 10 மீட்டர் என்று தூரங்கள் எழுதியிருக்கும். கடைசியில் எட்டைப் படுக்க வைத்ததுபோல் ஓர் அடையாளம். "முடிவில்லாத தூரம்" என்று அதற்குப் பொருள். இங்கிலாந்துக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1655-ல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த குறி அது.

1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். 10 மீட்டருக்கு அப்பால் உள்ள மரம், மலை, நிலா எல்லாவற்றுக்கும் சேர்த்துத் துளி இடம்தான்! ஏன் இந்த ஓரவஞ்சனை?

காரணம் ஒரு கணக்கு. தூரத்தில் உள்ள சூரியனின் ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் கூட்டுகிறது. லென்ஸிலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள தூரமே குவியத் தூரம். பொருள் இருக்கும் தூரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்க வேண்டும். பிறகு, பொருளின் தூரத்தில் குவியத் தூரத்தைக் கழித்து, அந்த மீதியால் வகுக்க வேண்டும். லென்ஸ் பிலிமிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பொருள் 1 மீட்டரில் இருந்தால் விடை 52.63. 2 மீட்டரில் 51.28. 10 மீட்டரில் 50.25. இன்னும் தள்ளிப் போனால் 50-ஐ நெருங்கும், நெருங்கும், தொடவே தொடாது! இப்படி நெருங்கியும் எட்டாத கோட்டுக்குத் தொலைத்தொடுகோடு என்று பெயர். 10 மீட்டருக்கு அப்பால் உள்ள உலகம் முழுவதும் கால் மில்லிமீட்டரில் அடங்கிவிட்டது.

அமெரிக்காவில் 1900-ல் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி காமிராவில் இந்த வளையமே கிடையாது. லென்ஸை அசைக்காமலே தூரத்துக் காட்சிகள் ஓரளவு தெளிவாக விழுந்தன. துளை சிறியதாக இருந்ததும் உதவியது. கிட்டத்தில் வந்து நின்றவரின் முகம்தான் மங்கியது.

கிட்டே வர வர, கணக்கு தலைகீழ். பொருள் 6 சென்டிமீட்டரில் இருந்தால் விடை 30 சென்டிமீட்டர். 5.1 சென்டிமீட்டரில் இரண்டரை மீட்டர்! சரியாக 5 சென்டிமீட்டரில் கழித்தால் மீதி பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியுமா? முடியாது. படமும் விழாது.

2019-ல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விகிதமுறு கோவை என்று ஒரு பாடம். கீழே பூஜ்யம் வரச்செய்யும் எண்ணை "விலக்கப்பட்ட மதிப்பு" என்று அது சொல்கிறது. அதே வகுப்பின் அறிவியல் புத்தகத்தில் லென்ஸ் சமன்பாடு. இரண்டும் ஒரே சங்கதிதான். இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? "இந்தக் கணக்கு எதற்கு?" என்று கேட்கும் பிள்ளைக்குப் "பரீட்சைக்கு" என்றே பதில் கிடைத்தால், கணக்கு கசக்கத்தான் செய்யும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி, மெழுகுவர்த்தி, வெள்ளைத் தாள், அளவுகோல் போதும். வகுப்பறையை இருட்டாக்கிச் செய்து காட்டலாம். வீட்டிலும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து செய்யலாம். கண்ணாடியின் குவியத் தூரம் 15 சென்டிமீட்டர் என்றால், மெழுகுவர்த்தியை 3 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குக் கொண்டுவரும்போது தாளை அரை சென்டிமீட்டர்கூட நகர்த்த வேண்டியதில்லை. 30 சென்டிமீட்டரிலிருந்து 20-க்குக் கொண்டுவந்தால், தாளை இன்னும் 30 சென்டிமீட்டர் பின்னால் கொண்டுபோக வேண்டும். 15-ல் வைத்ததும், தாளைச் சுவர் வரை கொண்டுபோனாலும் சுடரின் உருவம் அதில் தெளிவாக விழாது.