போன் வேலை செய்யவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

ஒருகொடவத்தைப் பெற்றோரே, சகோதர ஆசிரியர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நான் முன்னர் படிப்பித்த ஒரு பாடசாலையில் தரம் 4 பிள்ளை ஒன்றுக்குத் திடீரென வீசிங் வந்தது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற தரம் 10 மாணவனிடம், "ஓபிஸுக்கு ஓடு, 1990க்கு கோல் எடு" என்றேன். ஓடிப் போனவன் உடனே திரும்பி வந்தான்.

"டீச்சர், போன் வேலை செய்யுதில்ல. டூ டூ டூ எண்டுதான் கேக்குது."

போன் நன்றாகத்தான் இருந்தது. அதில் 9ஐ அழுத்தினால்தான் வெளி லைன் கிடைக்கும். அவன் நேரடியாக 1990 அடித்திருக்கிறான். "இப்படி அடித்தால் கோல் போகாது" என்பதைத்தான் போன் அந்தச் சத்தத்தில் சொன்னது. அல்ஹம்துலில்லாஹ், வாசலில் நின்ற ஒரு த்ரீவீலில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிள்ளை சுகமாகிவிட்டது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வீட்டில் மொபைல் மட்டும்தான். மொபைலில் ஸ்க்ரீனைப் பார்த்தால் போதும். ஓபிஸ் போனைக் காதால்தான் வாசிக்க வேண்டும். அதை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போனுக்குப் போன் சிறிய வித்தியாசம் இருக்கலாம். பொதுவாக இப்படித்தான்:

▪ விடாமல் ஒரே "ஊ...": எண்ணை அடிக்கலாம். ஆனால் முதலில் கேட்பது உள் லைன். 9 அடித்த பிறகுதான் வெளி லைன்.
▪ இரண்டிரண்டாக ஒலித்து, இடைவெளி விட்டு மீண்டும் ஒலித்தால்: அங்கே மணி அடிக்கிறது. வைக்காமல் காத்திருங்கள்.
▪ நிதானமான "டூ... டூ...": மறுமுனையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு எடுங்கள்.
▪ வேகமான "டூ டூ டூ": கோல் போய்ச் சேரவே இல்லை. அடித்த முறை பிழை, அல்லது லைன்கள் நிரம்பிவிட்டன. முதலில் 9 அடித்தீர்களா என்று பாருங்கள்.
▪ சத்தமே இல்லை: வயரைப் பாருங்கள்.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஒரு ஹோட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற தாய் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் நான்கு தடவை 911 அடித்தாள். கோல் போகவில்லை. அந்த ஹோட்டல் போனிலும் முதலில் 9 அடிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தாயின் பெயரிலேயே 2018இல் அங்கே சட்டம் வந்தது. 2020 பெப்ரவரிக்குப் பிறகு பொருத்தப்படும் ஓபிஸ், ஹோட்டல் போன்களில் 911ஐ நேரடியாக அடிக்க முடிய வேண்டும்.

"எல்லார் கையிலும் மொபைல் இருக்கே" என்பீர்கள். பாடசாலையில் பிள்ளைகள் கையில் மொபைல் இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்த ஓபிஸ் போன் ஒன்றுதான்.

சட்டம் வரும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை, மத்ரஸா, கடை, ஸ்டோர் எதுவானாலும் போன் சிஸ்டம் பார்க்க வருபவரிடம் 1990, 119, 110 மூன்றையும் 9 இல்லாமலே போகும்படி செய்யச் சொல்லுங்கள். பல சிஸ்டங்களில் இதைச் செய்யலாம். அதுவரை "முதலில் 9" என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆசிரியர்களே, ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கிப் பிள்ளைகள் கையில் ரிசீவரைக் கொடுத்து அந்தச் சத்தங்களைக் கேட்க விடுங்கள்.

அடுத்த தடவை வாசலில் த்ரீவீல் நிற்காமலும் போகலாம்.