பாட்டியின் பச்சைப் பட்டினி

மாசிக் கடைசி ஞாயிறு வந்தால் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிடும். உடம்பு பெங்களூரில், மனசு திருச்சி பக்கம் சமயபுரத்தில்.

மற்ற கோயில்களில் சாமிக்காக பக்தர்கள் விரதம் இருப்பார்கள். சமயபுரத்தில் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். பாட்டியும் மஞ்சள் புடவை கட்டி கூடவே விரதம் இருப்பாள். யாருக்காக என்றால், "எல்லாரும் நல்லா இருக்கணும்டா" என்பாள். அந்த 'எல்லாரும்' பட்டியலில் அவள் மட்டும் இருந்ததே இல்லை.

அம்மன் விரதம் பங்குனியில் முடிந்துவிடும். பாட்டிக்கு? வருஷம் முழுக்க எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டு. குழம்பு மிஞ்சினால் குழம்பு, இல்லாவிட்டால் மோரும் ஊறுகாயும். நான் பி.காம். சேர்ந்தபோது அடகுக்குப் போன அவள் சங்கிலி திரும்பவே இல்லை.

காரியத்தன்று எல்லாரும் "எவ்வளவு தியாகம்!" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இப்போது அந்த வார்த்தை உறுத்துகிறது. தியாகம் என்று சொல்லிவிட்டால் வாங்கியவன் கணக்குக் காட்ட வேண்டாம், பாருங்கள். நகைக்கடன் கவுண்டரில் பாட்டிகள் கையெழுத்துப் போடுவதையும், பேரன் பக்கத்தில் செல்போன் நோண்டுவதையும் பார்க்கிறவன் சொல்கிறேன்... அது தியாகம் இல்லை, கடன்.

பாட்டிக்கு இனி திருப்பிக் கட்ட முடியாது. எங்கள் வீட்டில் இப்போது சமைத்தவர் முதல் பந்தியிலேயே உட்காருகிறார். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?