வைரஸ் வண்டியா, பாலிமர் வண்டியா?



போன வாரம் உயிரியல் வகுப்பில் ஜீன் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. ஜீனைப் பாலிமரில் பொதிந்து செல்லுக்குள் அனுப்பலாம் என்று சொன்னேன். பக்கத்து பெஞ்ச் நண்பன், "என்னடா, பிளாஸ்டிக்கையா உடம்புக்குள்ள விடப் போற?" என்றான். வகுப்பே சிரித்தது. அதற்கு என் பதில்தான் இது.

ஜீனை வெறுமனே ஊசியில் ஏற்றினால் ரத்தத்திலேயே சிதைந்துவிடும். சுமந்து போக வண்டி வேண்டும். அதில் வைரஸ் கில்லாடி. செல்லுக்குள் நுழைவதுதானே அதன் தொழில்! ஒரு பரம்பரைப் பார்வைக் குறைபாட்டுக்கு வைரஸ் வண்டியில் போகும் ஜீன் மருந்தை 2017-ல் அமெரிக்கா அனுமதித்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 1999-ல் நடந்ததை மறக்கலாமா? ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற அமெரிக்க இளைஞருக்குக் கல்லீரல் நொதிக் குறைபாடு. மாத்திரை, உணவுக் கட்டுப்பாட்டோடு சமாளித்து வந்தார். ஜீன் சிகிச்சைச் சோதனைக்குத் தானே முன்வந்தார். உள்ளே போன அடினோ வைரஸை எதிர்த்து உடம்பு கொந்தளித்தது. நான்கே நாளில் இறந்தார். வயது 18. நம்ம அண்ணன் வயசு!

இடப் பிரச்சினையும் உண்டு. இன்று அதிகம் பயன்படும் ஏஏவி வைரஸில் சுமார் 4,700 எழுத்துகள்தான் கொள்ளும். தசைச்சிதைவு நோய்க்குத் தேவையான டிஸ்ட்ரோபின் செய்தியோ 11,000 எழுத்துகள். மினி பஸ்ஸில் யானையை ஏற்ற முடியுமா?

டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் சுமை. நேர்மின் சுமையுள்ள பாலிமரோடு கலந்தால் தானாகவே சுருண்டு உருண்டையாகிவிடும். நீளமான ஜீனும் அடங்கும். 1995-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வாளர்கள் பாலிஎத்திலீன்இமைன் கொண்டு ஜீனைச் செல்லுக்குள் சேர்த்துக் காட்டினார்கள். ஆனால் அது செல்களைக் கொன்றது, எளிதில் சிதையவும் இல்லை. 2000-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லின், லேங்கர் இருவரும் தண்ணீரில் மெல்ல உடையும் எஸ்டர் பிணைப்புள்ள பாலிமரை உருவாக்கினார்கள். சரக்கை இறக்கிவிட்டு வண்டியே கரைந்துபோகும்!

திறமையில் பாலிமர் இன்னும் வைரஸை எட்டவில்லை. உண்மைதான். அதற்காகக் கைவிடலாமா? வைரஸை ஓரளவுதான் மாற்ற முடியும். பாலிமரின் நீளம், மின் சுமை, உடையும் வேகம் மூன்றையும் நாமே தீர்மானிக்கலாம். தப்பு நடந்தால் திருத்தலாம். வேகமாக ஓடும் வண்டியைவிட, பிரேக் நம்ம கையில் இருக்கும் வண்டியே மேல் என்பது என் கருத்து.

சிரித்த நண்பனே, ஆபரேஷனில் போடும் கரையும் தையல் நூல் பலதும் பாலிமர்தான். ஏன், டி.என்.ஏ.வே ஒரு பாலிமர்தான்டா! இனி பாலிமர் பாடத்தை மார்க்குக்காக மட்டும் படிக்காதே.

– 12-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்