மீட்டுப் பார்த்தீர்களா?

விடுதியிலும் ஆய்வகத்திலும் லினக்ஸ் சர்வர் நடத்தும் நம்மவர்களிடம், "பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "நாள்தோறும் இரவு இரண்டு மணிக்கு ஓடுகிறதே!" என்று பெருமிதத்தோடு விடை வரும். "அதிலிருந்து ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்ததுண்டா?" என்று கேளுங்கள், பேச்சு வேறு திசைக்குத் திரும்பும். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வல்லவரிடம்தான் என் ஆய்வேட்டை ஒப்படைப்பேன்.

கன்டெய்னர் என்பது நம் பழைய ஸ்டோர் வீடு போன்றது. கூரையாகிய கெர்னல் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொது. கோப்புகளும் முகவரியும் தனித்தனி. பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருள் 2015-இல் வந்த தன் நான்காம் பதிப்பிலிருந்து எல்எக்ஸ்சி வகைக் கன்டெய்னர்களைக் கையாள்கிறது. அதிலுள்ள விஇசட்டம்ப் என்ற கருவி, கன்டெய்னரையும் அதன் அமைப்புக் குறிப்பையும் ஒரே டார் கோப்பாகக் கட்டிவிடும். மீட்கவும் ஒரே ஒரு கட்டளை போதும். இத்தனை எளிதாக இருப்பதால்தான் எவரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? மூல வட்டு எப்போதும் நகலில் சேரும். பின்னர் இணைத்த மவுண்ட் பாயின்ட்டுகளோ, 'பேக்கப்' என்ற குறியை நாமே இட்டாலன்றிச் சேரா. தாய்க் கணினியின் கோப்பகத்தை உள்ளே காட்டும் பைண்ட் மவுண்ட் எவ்வாறாயினும் சேராது. இது மென்பொருளின் பிழையன்று. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் ஆய்வகங்களில் நடப்பது யாது? வட்டு நிரம்பும், இன்னொரு வட்டை இணைப்பார்கள், டேட்டாபேஸ் முழுவதையும் அதற்கு மாற்றுவார்கள். இரவு தோறும் பேக்கப் 'வெற்றி' என்று அறிவிக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு நகைப்பெட்டியைத் திண்ணையில் வைத்த கதைதான்!

பெரிய நிறுவனங்களில் இவ்வாறு நேராது என்று எண்ணவேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் கோப்பகத்தை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். நகல் எடுக்கவும் பிரதிகள் வைக்கவும் ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2. ஆகவே அது நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. வேறொரு தேவைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்று தற்செயலாகக் கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் போயின. நடந்ததை ஒளிக்காமல் உலகறிய எழுதினார்களே, அந்த நேர்மையை நான் போற்றுகிறேன்.

நகலை எங்கே வைப்பது என்பதும் கேள்விதான். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் கட்டடம் தீப்பற்றியபோது, நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருங்கே இழந்தார்கள்.

ஆகவே என் கோரிக்கை இது: பருவத்துக்கு ஒருமுறை மீட்பு ஒத்திகை நடத்தவேண்டும். பேக்கப்பை அமைத்தவர் கைகட்டி நிற்கட்டும். அதை அறியாத ஒருவர், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து மீட்கட்டும். அமைத்தவர் படிப்பு முடிந்து போனபின் நமக்கு மிஞ்சுவது அந்தக் குறிப்புதானே? பழைய எண்ணின் மேல் மீட்டால் அதிலிருப்பது அழியும். புது எண் கொடுங்கள். முகவரி மோதாதிருக்க, வலைப்பின்னலைத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். கன்டெய்னர் எழுந்துவிட்டது என்று கைதட்டிவிட வேண்டாம். நகல் எடுப்பதற்கு முன் கடைசியாகச் சேர்ந்த பதிவு டேட்டாபேஸில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துவையுங்கள்.

"நேரமில்லை, உபரிக் கணினியில்லை" என்பார் சிலர். கிரிக்கெட் பந்தயத்துக்கு ஒரு மாலை கிடைக்கிறதன்றோ? நம் சங்க மலரின் பழைய இதழ்கள் உள்ள கன்டெய்னரிலிருந்தே தொடங்கலாம். பருவத் தேர்வு முடிந்த மறுநாள் மாலை, ஒதுக்கிப் போட்ட ஆய்வகக் கணினி ஒன்று கிடைத்தால் போதும். நான் வரச் சித்தமாயிருக்கிறேன்.