ஊர்ச் சொல்லால் தேடுங்கள்!

சென்ற ஆண்டு அலுவலக வேலையாக ரோம் நகருக்குச் சென்றிருந்தேன். ஞாயிறு காலை பாந்தியனைப் பார்க்கப் போனபோது நல்ல பசி. செல்போன் வரைபடத்தில் 'பிரேக்ஃபாஸ்ட்' என்று ஆங்கிலத்தில் தேடினேன். நான்கரை நட்சத்திரக் கடை ஒன்று முதலில் வந்தது. சதுக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஆறிப்போன முட்டையும் காபியும் சாப்பிட்டேன். பில் 19 யூரோ!

தவறு என்னுடையதுதான். கேட்ட கேள்விக்குத்தான் கணினி பதில் சொல்லும் என்பது மென்பொருள் எழுதும் எனக்குத் தெரியாதா என்ன? இத்தாலியர்களின் காலை உணவு பெரும்பாலும் ஒரு கப்புசினோவும் 'கொர்னெட்டோ' என்ற இனிப்பு ரொட்டியும்தான். அது கிடைக்கும் காபிக் கடைக்கு அங்கே 'பார்' என்று பெயர். ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளே முன்னால் வருகின்றன. அவற்றுக்கு நட்சத்திரம் போடுபவர்களில் பலர் மறுமுறை அங்கே வரப்போவதில்லை.

மறுநாள், காலை உணவைக் குறிக்கும் 'கொலாட்சியோனே' என்ற இத்தாலியச் சொல்லால் தேடினேன். இத்தாலிய மொழி விமர்சனங்கள் அதிகமுள்ள கடையாகப் பார்த்து, இரண்டு தெரு தள்ளிப் போனேன். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை என்று சுவரிலேயே பட்டியல் இருந்தது. கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டி, நின்றபடியே சாப்பிட்டேன். சூடான கப்புசினோ, புதிய கொர்னெட்டோ. செலவு 3 யூரோ!

வெளியூர் போகும் நண்பர்களே, நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் அந்த ஊர்ச் சொல் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.