பழைய சேலையோடு போட்டி போடும் தொழில்

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் மார்கழியில் அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள். கரிசல் காட்டுக்கு நடுவே மஞ்சளும் ஊதாவும் சிவப்புமாகப் பழைய சேலைகளைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டியிருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். அது காட்டுப்பன்றிக்குப் போட்ட வேலி. சேலையின் நிறத்துக்கும் படபடப்புக்கும் பன்றி மிரளும் என்று ஒரு நம்பிக்கை. சில நாள் மிரளத்தான் செய்யும், அப்புறம் பழகிவிடும். ஆனாலும் கட்டுகிறார்கள். சேலைக்குக் காசில்லை, கயிற்றுக்கு மட்டும்தான் செலவு.

கம்பி வேலி போட்டுக் கொடுக்கும் தொழிலில் இந்த வட்டாரத்தில் இறங்குகிறவருக்கு முதல் போட்டி இந்தச் சேலைதான். இரண்டாவது போட்டி, வெட்டிப் போட்டால் வேலியாகிவிடும் சீமைக்கருவேல முள். ஒன்றுக்கு விலையே இல்லை, மற்றதற்கு வெட்டுக்கூலி மட்டும். இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் ‘இந்த வருஷம் நூறு பார்ட்டி பிடிக்கணும்’ என்று இலக்கு வைப்பது, கிணறு வெட்டாமல் மோட்டார் வாங்குகிற கதை.

இலக்கு என்றால் அளக்கக்கூடியதாக, எட்டக்கூடியதாக, கெடு உள்ளதாக இருக்க வேண்டும் என்று 1981-இல் அமெரிக்க மேலாண்மை இதழ் ஒன்றில் ஜார்ஜ் டோரன் எழுதினார். ‘ஸ்மார்ட்’ இலக்கு என்று இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் ஓதுகிறார்களே, அதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதை அளப்பது என்ற கேள்விக்குப் பதிலை அவரவர் மண்ணில்தான் தேட வேண்டும். வேலித் தொழிலில் வாட்ஸப் விசாரணைகளையும் ஃபேஸ்புக் விருப்பங்களையும் எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். எண்ண வேண்டியது அடிக்கணக்கை.

ஒரு குழு ஒரு நாளைக்கு 300 அடி முடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாள் வேலை என்றால் 6,000 அடி. வருஷம் முழுக்க இந்த வேலை நடக்காது. ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் கரிசலுக்குள் டிராக்டர் இறங்காது, இறங்கினால் ஏறாது. விதைத்த காட்டுக்குள் கல்லுக்கால் ஏற்றிய வண்டியை யாரும் விடவும் மாட்டார்கள். ஆக, அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புரளும் மாசியிலிருந்து ஆடி வரை ஆறு மாதம், 36,000 அடி. அதற்கு மேல் வேலை பிடித்தால் முன்பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காத ஆள் என்ற பெயர்தான் மிஞ்சும். விற்பனை இலக்கின் உச்சவரம்பை விளம்பரச் செலவு தீர்மானிப்பதில்லை, குழி தோண்டுகிற கை தீர்மானிக்கிறது.

இந்த 36,000 அடியை யாருக்கு விற்பது? இங்கேதான் கணக்கு சுவையாகிறது.

சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. ஆனால் எந்தப் புஞ்சை சதுரமாக இருக்கிறது? அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பிரித்து எல்லாம் நாடா நாடாவாகக் கிடக்கின்றன. 66 அடி அகலம், 660 அடி நீளம் உள்ள துண்டும் சரியாக ஒரு ஏக்கர்தான். அதன் சுற்றளவு 1,452 அடி. அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும் தொழிலில், ஒரே அளவு நிலத்துக்குப் பங்காளி ஒருவர் இன்னொருவரைவிட முக்கால் மடங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சேலை ஜெயிக்கிற இடம் இதுதான்.

இப்போது இப்படிப்பட்ட நாலு துண்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக அடைத்தால் 5,808 அடி. நாலையும் சேர்த்து ஒரே வேலியாகச் சுற்றினால் 1,848 அடி. தலைக்கு 462 அடி. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒப்பந்தக்காரருக்கு இதில் நஷ்டம் இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அவருடைய கை ஓடுவது 36,000 அடிதான். தனித்துண்டாக எடுத்தால் அது 25 ஏக்கரில் தீர்ந்துவிடும், அதுவும் முழுத் தொகையை எண்ணி வைக்கும் 25 பேர் கிடைத்தால். நாலு நாலாகச் சேர்த்தால் அதே அடிக்குக் கிட்டத்தட்ட 80 ஏக்கர் அடைபடும். வருமானம் அதேதான்; கொடுக்க முடிகிற ஆட்கள் மூன்று மடங்கு. ஆகவே பரளச்சியில் வேலித் தொழில் செய்கிறவரின் இலக்கு ‘சுமார் இருபது கூட்டுக் காடு’ என்று இருக்க வேண்டும் என்பேன். ஐந்து இடத்தில் பேசினால் ஓரிடத்தில் திகையும் என்றால், நூறு முறை களத்துமேட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். பேச வேண்டிய காலம் கார்த்திகை, மார்கழி. பன்றி உழப்பிவிட்டுப் போன காட்டு வரப்பில் நின்று பேசினால் விளம்பரமே தேவையில்லை. மாசியில் போய்ப் பேசினால் போன வலி மறந்திருக்கும்.

அரசாங்கத்தை நம்பிச் சும்மா இருக்கலாம் என்பாரும் உண்டு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்தது. ஆனால் துப்பாக்கி ஏந்திய வனப் பணியாளர் ஒவ்வொரு புஞ்சைக்கும் ராத்திரி காவல் இருக்க முடியாது. மறுபக்கம், லைன் மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சுகிற கொடுமை நடக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகள் வந்தன. சூரிய மின்வேலி வேறு சங்கதி, விட்டு விட்டுச் சுளீரென்று ஒரு அடி கொடுத்து விரட்டும், கொல்லாது. அதற்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் தந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை விளக்கத் தெரியாத ஒப்பந்தக்காரர் அந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

விவசாயி தவிர வேறு வாடிக்கையாளர்கள் இல்லாமல் இல்லை. மதுரையிலும் சென்னையிலும் இருந்துகொண்டு இங்கே இடம் வாங்கிப் போட்டவர்கள் எல்லைக்காகக் கம்பி கட்டுகிறார்கள். பக்கத்துக் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கர். இப்படிப்பட்ட வேலை ஒன்று கிடைத்தால் வருஷம் ஓடிவிடும், ஆனால் பணம் எப்போது வரும் என்பது பெரிய இடத்துச் சமாச்சாரம். வெளியூர்க்காரர் வேலையில் வேறொரு கண்ணி உண்டு. பட்டாவையும் அளவை வரைபடத்தையும் பார்க்காமல், சர்வேயர் அளந்து கல் ஊன்றாமல் கால் நட்டால், அடுத்த காட்டுக்காரர் வந்து நிற்கும்போது முதல் வசவு கம்பி கட்டியவருக்குத்தான்.

எல்லை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஒப்பந்தக்காரரை வைத்துப் புஞ்சைக்கு வேலி போட்டார். சித்திரையில் பார்க்க வரிசை நூல் பிடித்தது மாதிரி இருந்தது. கரிசல் மண் வெயிலுக்குப் பிளக்கும், மழைக்கு உப்பும். ஒன்றரை அடி ஆழத்தில், முட்டுக்கால் இல்லாமல் நட்ட மூலைக்கால்கள் அந்த ஐப்பசி மழைக்கே சாய்ந்தன. கம்பி தொய்ந்தது. அடுத்த கோடையில் வலைக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. பன்றி பெரும்பாலும் வேலியைத் தாண்டுவதில்லை, மூக்கைக் கொடுத்து அடியில் தூக்கும். அதற்கு அந்த வெடிப்பு போதும். அந்த ஒரு காட்டைப் பார்த்துவிட்டு ஊரில் எத்தனை பேர் சேலைக்கே திரும்பினார்கள் என்பது போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது.

1876-இல் ஜான் கேட்ஸ் என்ற இளம் விற்பனையாளர் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத் திடலில் முள்கம்பி அடைப்புக்குள் முரட்டு மாடுகளை விட்டு எல்லோரும் பார்க்கக் காட்டினார் என்பார்கள். அதுவரை அந்தக் கம்பியைக் கேலி செய்தவர்கள் வாங்க வந்தார்களாம். கரிசலில் அந்தக் காட்சிக்குத் திடல் பற்றாது. ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் தாண்டி நிற்கும் ஒரு மூலைக்கால் வேண்டும், மெயின் ரோட்டோரம், யார் வேண்டுமானாலும் இறங்கி ஆட்டிப் பார்க்கிற மாதிரி. ஆகவே இலக்கில் இன்னொரு எண்ணும் சேர வேண்டும்: போட்ட அடியில் இரண்டு மழைக்கு அப்புறமும் நேராக நிற்பது எத்தனை அடி? அப்படியே, மயிலுக்கு இந்த வேலி உதவாது என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுவதும் உத்தமம். பறக்கிற ஜீவனுக்குக் கம்பி என்ன செய்யும்?

கூட்டு வேலியில் சிக்கல் கம்பியில் வருவதில்லை, கடவில் வரும். நாலு பேருக்கும் ஒரே கேட் என்றால் டிராக்டர் போகும் அகலம் வேண்டும், யார் காட்டு வழியாக உள்ளே போவது என்று முடிவாக வேண்டும், அறுப்புக்குப் பிறகு ஆட்டுக்கிடை போட ஒருவர் விரும்பி மற்றவர் மறுத்தால் என்ன செய்வது என்றும் பேசியிருக்க வேண்டும். இதையெல்லாம் கால் நடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி நாலு கையெழுத்து வாங்கிவிடுகிற ஒப்பந்தக்காரருக்குத்தான் அடுத்த நாலு பேர் வருவார்கள். பூட்டு ஒன்று, சாவி நாலு. ஐந்தாவது சாவியை அவர் வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் கொறடும் கையுமாக உள்ளே போய்த் தொய்ந்த கம்பியை முறுக்க வேண்டியவர் அவர்தானே.